ராயபுரம் மொட்டை மாடியில் ட்ரோன்: யாரிடம் அனுமதி கேட்பது?

ராயபுரத்தில் வசிக்கும் 62 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, பதிலுக்குத் தேவையானவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் சென்னைத் துறைமுகத்தில் கிரேன் இயக்குநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி ஜவஹர் டாக்கில் கழிந்திருக்கிறது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் 2023 டிசம்பரில் ஊருக்கு வந்தபோது, அப்பாவுக்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று ஒரு சிறிய ட்ரோன் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். தாம் வேலை பார்த்த இடத்தை மேலேயிருந்து படம் பிடித்துப் பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு மொட்டை மாடியிலிருந்து ட்ரோனைக் கிளப்பி, கடல் பக்கமாக ஏறத்தாழ 900 மீட்டர் தூரம் கொண்டுபோய்த் திருப்பியிருக்கிறார். அன்று மாலையே காவல் நிலையத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டு, கருவியைப் படம் எடுத்துக்கொண்டு, “இனிமேல் அனுமதி வாங்கிவிட்டுப் பறக்க விடுங்கள்” என்று சொல்லிச் சென்றிருக்கிறார்கள். யாரிடம் வாங்குவது என்று இவர் கேட்டதற்கு அவர்களுக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

தாம் தவறு செய்ததாக அவர் நினைக்கவில்லை. அதற்கு ஐந்து காரணங்கள் சொல்கிறார்: ட்ரோனின் எடை 249 கிராம்தான், மீனம்பாக்கம் விமான நிலையம் வெகு தொலைவில் இருக்கிறது, பறக்கவிட்டது சொந்த வீட்டு மாடியிலிருந்து, துறைமுகத்தில் இன்னும் பணியில் இருக்கும் பழைய நண்பர் “நீங்கள் நம்ம ஆள், எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருந்தார், கைப்பேசியில் உள்ள ட்ரோன் செயலியும் எந்தத் தடையும் காட்டவில்லை. எடுத்த வீடியோவை அழித்துவிடலாமா என்பது கடைசிக் கேள்வி.

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் ஆசையில் எந்தத் தவறும் இல்லை. இத்தனை ஆண்டுகள் உழைத்த இடத்தை ஒருமுறை மேலேயிருந்து பார்க்க நினைப்பது இயல்பானது. ஆனால் நீங்கள் சொன்ன ஐந்து காரணங்களில் ஒன்றுகூட உங்களுக்குப் பாதுகாப்புத் தராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது என் கடமை. ட்ரோனுக்கான அனுமதி, அது எந்த இடத்தின் மேல் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதைப் பொறுத்தது. கருவி எவ்வளவு சிறியது, அதை இயக்குபவர் எவ்வளவு நல்லவர், அவருக்கு யாரைத் தெரியும் என்பவையெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

இப்போது நடைமுறையில் இருப்பவை 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு, பின்னர் 2022, 2023 ஆண்டுகளில் திருத்தப்பட்ட ட்ரோன் விதிகள். இவற்றின்படி நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ‘டிஜிட்டல் ஸ்கை’ என்ற அரசு இணையத்தளத்தில் வரைபடமாக வைக்கப்பட்டிருக்கிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. மஞ்சள் மண்டலத்தில் அந்தப் பகுதிக்குரிய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்தில் அனுமதி கொடுக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே உண்டு. ஆகவே, யாரிடம் கேட்பது என்ற உங்கள் கேள்விக்கு விடை, அந்த வரைபடத்தில் உங்கள் வீடும் நீங்கள் பறக்கவிட்ட பாதையும் எந்த நிறத்தில் இருக்கின்றன என்பதில் இருக்கிறது. காவல் நிலையத்தில் கேட்டால் கிடைக்கக்கூடிய அனுமதி இது அல்ல. வந்தவர்களால் சரியாக வழி சொல்ல முடியாமல் போனதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நீங்கள் நம்பிய ஐந்து காரணங்கள்

முதலில் எடை. 250 கிராம் வரை உள்ளவை ‘நானோ’ வகை. இந்த வகைக்குச் சில சலுகைகள் உண்மையிலேயே உண்டு: இயக்குபவருக்குச் சான்றிதழ் தேவையில்லை, கருவியின் மாடல் தரப் பரிசோதனையில் தேறியது என்பதற்கான வகைச் சான்று தேவையில்லை, மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. ஆனால் சிவப்பு, மஞ்சள் மண்டலங்களில் அனுமதியில்லாமல் பறக்கக் கூடாது என்ற விதியிலிருந்து நானோவுக்கு விலக்கு இல்லை. கருவியைப் பதிவு செய்து தனித்த அடையாள எண் பெறுவதிலிருந்தும் விலக்கு இல்லை. 50 அடிக்குக் கீழே பறந்தால் நானோவுக்கு எதுவும் வேண்டாம் என்று நீங்கள் கேள்விப்பட்டது 2018இல் வந்த பழைய ஒழுங்குமுறையின் மிச்சம். இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தலைமைச் செயலகத்திலிருந்து 3 கிலோமீட்டருக்குள் பறக்கக் கூடாது என்று உங்கள் நண்பர்கள் சொல்லும் கணக்கும் அந்தக் காலத்துக்கு உரியதுதான். இப்போது அளவுகோல் வரைபடம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இறக்கைகளுக்குப் பாதுகாப்பு வளையமும், இரவில் மின்னும் சிறு விளக்கும் மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விதி கணக்கில் எடுப்பது பேட்டரி, மெமரி கார்டு, மாட்டிய பொருட்கள் எல்லாம் சேர்ந்த மொத்த எடையை. சமையலறைத் தராசில் அப்படியே வைத்துப் பாருங்கள். 249 என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் கருவி அந்த வளையத்தோடு 250ஐத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். தாண்டினால் அது ‘மைக்ரோ’ வகைக்குப் போய்விடும். பணம் வாங்காமல் பொழுதுபோக்குக்காக இயக்கினால் 2 கிலோ வரையிலான மைக்ரோவுக்கும் சான்றிதழ் வேண்டாம். ஆனால் காப்பீடு வேண்டும். மேலும், நானோவைத் தாண்டிய கருவிகளில் வகைச் சான்று இல்லாமல் பறக்கலாம் என்ற சலுகை, பொழுதுபோக்கு, கல்வி, ஆராய்ச்சி போன்ற நோக்கங்களுக்காகக் கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் இயக்கப்படும் மாதிரிக் கருவிகளுக்குத்தான். 900 மீட்டர் தூரத்தில், உள்ளங்கை அளவுள்ள ஒரு கருவி யார் கண்ணுக்கும் தெரியாது. திரையைப் பார்த்து ஓட்டியிருப்பீர்கள்.

விமான நிலையத்தைப் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் மஞ்சள். ராயபுரம் அந்த 12 கிலோமீட்டரையும் கடந்தே இருக்கிறது. ஆகவே மீனம்பாக்கத்தின் காரணமாக உங்களுக்குத் தடை இல்லை. ஆனால் சிவப்பு மண்டலம் விமான நிலையத்துக்காக மட்டும் வரையப்படுவதில்லை. உங்கள் வீட்டைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: மத்திய தொழிற்பாதுகாப்புப் படை காவல் காக்கும் துறைமுகம், அங்கே வந்து நிற்கும் கடலோரக் காவல் படைக் கப்பல்கள், தெற்கே சட்டமன்றமும் ராணுவ அலுவலகங்களும் இருக்கும் புனித ஜார்ஜ் கோட்டை, வடக்கே எண்ணெய் நிறுவனங்களின் தொட்டிகள், மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் இன்னொரு துறைமுகமும் அனல் மின் நிலையமும். வடசென்னையில் வான்வெளிக் கட்டுப்பாடு என்றால் இவற்றைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

சொந்த மாடி என்பது சட்டத்தின் பார்வையில் ட்ரோன் கிளம்பிய இடம் மட்டுமே. மாடி உங்களுடையது, மாடிக்கு மேலுள்ள வான்வெளி அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது. கிளம்பிய அரை நிமிடத்தில் அது அடுத்த வீட்டு மாடிகளின் மேல் போயிருக்கும். வடாம் காயவைக்கும் பெண்களும் குளித்துவிட்டுத் துணி உலர்த்துபவர்களும் இருக்கும் மாடிகள் அவை. கேமரா எதைப் பதிவு செய்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் புகார் கொடுத்தால், அந்தரங்கத்தைப் படம் பிடித்ததாகத் தனி வழக்குக்கும் இடம் உண்டு.

பழைய நண்பரின் வாய்மொழிச் சம்மதம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. துறைமுகத்தின் மேல் பறக்க அனுமதி கொடுக்கும் அதிகாரம் துறைமுக ஊழியருக்கு இல்லை. மேலதிகாரிக்கும் தனியாக இல்லை. நாளை விசாரணை வந்து நீங்கள் அவர் பெயரைச் சொன்னால், உங்களுக்கு எந்தப் பயனும் இருக்காது. பணியில் இருக்கும் அவர்மீது துறை நடவடிக்கை வரலாம். அவரை நேரில் பார்த்து, இனி இப்படி யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள்.

செயலி தடை காட்டவில்லை என்றால், தயாரித்த வெளிநாட்டு நிறுவனம் தன் வரைபடத்தில் அந்த இடத்தைக் குறிக்கவில்லை என்றுதான் பொருள். நம் அரசின் வரைபடம் வேறு. பறப்பதற்கு முன் டிஜிட்டல் ஸ்கை தளத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்வது இயக்குபவரின் கட்டாயக் கடமை என்று விதியே சொல்கிறது.

துறைமுகத்தின் மேல் ஏன் வேண்டவே வேண்டாம்

விதியைத் தாண்டி, அந்த இடத்தை உள்ளிருந்து அறிந்தவர் என்பதால் இதை உங்களிடம் சொல்கிறேன். பாரதி டாக்கில் எண்ணெய்க் கப்பல்கள் நிற்கும். அங்கிருந்து கச்சா எண்ணெய் குழாய் வழியாக மணலிக்குப் போகும். உங்கள் ட்ரோனில் இருப்பது லித்தியம் பேட்டரி. விழுந்து நசுங்கினால் தீப்பற்றக்கூடியது. தீப்பொறிக்கு அஞ்சி ஒவ்வொரு பொருளையும் கட்டுப்படுத்தும் இடத்தில், யாருக்கும் தெரியாமல் வானத்திலிருந்து ஒரு பேட்டரி விழுவதை எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டார். காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும் காலை நேரத்தில் பருந்துகள் வட்டமிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தன் எல்லைக்குள் வரும் ட்ரோனைப் பருந்து பாய்ந்து அடிப்பது ட்ரோன் ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. கடற்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கால் கிலோ எடையுள்ள கருவி, நீங்கள் விரும்பாத இடத்தில் விழுவதற்கான எல்லாக் காரணங்களும் அங்கே இருக்கின்றன.

அடுத்தது, பதிவான காட்சி. பாதுகாப்பு நிறுவனங்களும் அரசு அறிவித்த சில இடங்களும் 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியங்கள் சட்டத்தில் தடை செய்யப்பட்ட இடங்களாக வருகின்றன. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கம் இருந்தால்தான் அது குற்றம். உங்களிடம் அப்படியொரு நோக்கம் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் நோக்கம் இல்லை என்று நிரூபிப்பதற்குள் கைப்பேசி, கணினி, வங்கிக் கணக்கு, மகனின் வெளிநாட்டுத் தொடர்பு என்று விசாரணை நீளக்கூடும். அந்த அலைச்சலை இந்த வயதில் நீங்களாகத் தேடிக்கொள்ள வேண்டாம்.

வரைபடத்தில் அந்த இடம் சிவப்பாக இருந்தால், டிஜிட்டல் ஸ்கை வழியாக மத்திய அரசுக்கு விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு. விண்ணப்பிக்கக் கூடாது என்று நான் தடுக்கவில்லை. ஆனால் தனிநபர் ஒருவரின் பொழுதுபோக்குக்காகத் துறைமுகத்தின் மேல் அனுமதி கிடைக்கும் என்று நம்பிக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைவிட, ஓய்வு பெற்ற ஊழியர் என்ற முறையில் சென்னைத் துறைமுக ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் பணியாற்றிய டாக்கின் படங்களோ வீடியோவோ அவர்களிடம் இருந்தால் குடும்பத்துக்காக ஒரு பிரதி தர முடியுமா, பேரப் பிள்ளைகளோடு ஒருநாள் உள்ளே வந்து பார்க்க அனுமதிச் சீட்டு கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காமலும் போகலாம், ஆனால் கேட்பதால் எந்த இழப்பும் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து வந்த கருவி

நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனாலும் உங்கள் கடிதத்தில் சட்டப்படி மிகவும் சிக்கலான இடம் இதுவே. 2022 பிப்ரவரி 9 முதல் முழுதாகத் தயாரான வெளிநாட்டு ட்ரோன்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டுமே அனுமதியோடு விலக்கு உண்டு. உதிரிப் பாகங்களுக்குத் தடை இல்லை. உங்கள் மகன் கொண்டுவந்தது 2023 டிசம்பரில். விமானப் பயணிகள் நிரப்பும் சுங்க அறிவிப்புப் படிவத்தில் ட்ரோன் என்று தனியாகவே கேட்கப்படுகிறது. அவர் அறிவித்தாரா, சுங்கத் துறையின் ரசீது ஏதாவது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அறிவிக்காமல் கொண்டுவந்திருந்தால், சுங்கச் சட்டப்படி கருவியைப் பறிமுதல் செய்யவும் அபராதம் விதிக்கவும் இடம் இருக்கிறது.

இந்த நிலையில் மூன்று காரியங்களைச் செய்யாதீர்கள். உள்ளூரில் வாங்கியதாக ஒரு பில் ஏற்பாடு செய்து அடையாள எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். தெரியாமல் நடந்த தவறு அதோடு வேண்டுமென்றே செய்த மோசடியாக மாறிவிடும். வேறு யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ வேண்டாம். பறக்கவிடவும் வேண்டாம். வாங்கிய ரசீது, மகனின் பயண விவரம் ஆகியவற்றோடு சுங்க வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். தானாக முன்வந்து சொல்வதா, எப்போது சொல்வது என்பதை ஆவணங்களைப் பார்க்காமல் நான் இங்கே முடிவு செய்து சொல்வது பொறுப்பாக இராது.

காவலர்கள் மறுபடியும் வந்தால்

அவர்கள் உங்களிடம் நடந்துகொண்ட முறையில் பகை எதுவும் தெரியவில்லை. நீங்களும் அப்படியே நடந்துகொள்ளுங்கள். வீடியோவை அழிக்கலாமா என்று கேட்டீர்கள்: அழிக்காதீர்கள். விசாரணை தொடங்கிய பிறகு அழிப்பது, மறைக்க ஏதோ இருந்தது என்ற சந்தேகத்தைத்தான் கொடுக்கும். சாட்சியத்தை அழித்ததாகவும் குற்றம் சாட்டப்படலாம். அதேபோல் யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே போட்டிருந்தால், இனி யாரும் அதை வெளியே அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் வயது சட்டத்தில் உங்களுக்கு இரண்டு பாதுகாப்புகளைத் தருகிறது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவின்படி, சாட்சியாக விசாரிக்க 60 வயதுக்கு மேற்பட்டவரைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவராக அழைத்தால் இது பொருந்தாது. ஆனால் மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், 60 வயதைக் கடந்தவரைக் கைது செய்யத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்று 35ஆம் பிரிவு சொல்கிறது. கருவியைக் கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். எதை எடுத்தார்கள் என்று எழுதிய நகலையும், உங்கள்மீது மனு ஏதாவது பதிவு செய்தால் அதன் சி.எஸ்.ஆர். (காவல் நிலைய மனுப் பதிவேடு) எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ட்ரோன் விதிகளை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதை உங்கள் தரப்பைக் கேட்ட பிறகு விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரோ அரசு அதிகாரம் அளித்த அதிகாரியோதான் விதிக்க முடியும். வீட்டு வாசலில் யாராவது ரொக்கமாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

காவல் துறைக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் இல்லை என்று சொன்னேன். தடுக்கும் அதிகாரம் உண்டு. கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒரு பகுதியை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். பிரதமர் சென்னைக்கு வரும்போதெல்லாம் ட்ரோன் பறக்கத் தடை என்று செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். வரைபடத்தில் வழக்கமாகப் பச்சையாக இருக்கும் இடத்திலும் அன்று பறக்கவிடக் கூடாது.

இந்தப் பொழுதுபோக்கை விடாமல் இருக்க

விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியாவில் தயாரான ஒரு சிறிய ட்ரோனை ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குங்கள், ரிச்சி தெருவில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். அதற்கு அடையாள எண் பெறக் கட்டணம் 100 ரூபாய். எண்ணைக் கருவியின்மேல் தெரியும்படி ஒட்டிக்கொள்ளுங்கள்.

பொன்னேரிப் பக்கம் மைத்துனருக்கு நிலம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சர்வே எண் இருக்கும் இடத்தை வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். பச்சையாக இருந்தால், தேதியோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 400 அடிக்குள், கண்ணெதிரே வைத்து ஓட்டுங்கள். பறக்கும் நாள் காலையிலும் மறுபடி பாருங்கள், ஏனென்றால் மண்டலங்கள் மாற்றப்படலாம். அங்கிருந்து பழவேற்காடு அருகில்தான் என்று பூநாரைகளைப் படம் எடுக்கப் போய்விடாதீர்கள். அது பறவைகள் சரணாலயம். வனத்துறை அனுமதி தனியாக வேண்டும்.

தெருத் திருவிழாவில் தேரைப் படம் எடுத்துக் கொடுத்தால் 3,000 ரூபாய் தருவதாகப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார் என்றீர்கள். பணம் வாங்கினால் அது வணிகப் பயன்பாடு. மைக்ரோ வகைக் கருவியென்றால் அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். பணம் வாங்காவிட்டாலும், தேருக்குக் கீழே நெருக்கமாக நிற்கும் கூட்டத்தின் தலைக்கு மேல் ட்ரோனைக் கொண்டுபோக வேண்டாம்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த காவல் நிலையத்தின் ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: அனுமதி குறித்த விதிகளை இப்போது தெரிந்துகொண்டீர்கள், ட்ரோனை இயக்குவதை நிறுத்திவிட்டீர்கள், விசாரணைக்கு எப்போது வேண்டுமானாலும் ஒத்துழைப்பீர்கள். இந்த அளவு போதும். கருவி எங்கிருந்து வந்தது, யார் சம்மதம் சொன்னார் என்பவற்றை அதில் எழுத வேண்டாம். பொய்யும் எழுத வேண்டாம். சுங்க வழக்கறிஞரைப் பார்த்த பிறகே அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.